நாடு கூடுதலும் கட்சி மாறுதலும்

'நாடு' என்னுஞ் சொல் இக்காலத்துப் பேரெல்லையுடைய தேயத்தையே பெரும்பாலுங் குறிக்கின்றது. பண்டைத் தமிழகத்திலோ அது சிற்றெல்லையையுங் குறித்து வழங்கிற்று. சோழர் கல்வெட்டுக்களை நோக்குவார்க்கு, ஊர்கள் பல சேர்ந்தது நாடென்பதும், நாடுகள் பல சேர்ந்தது வளநாடென்பதும், வளநாடுகள் சேர்ந்தது மண்டலமென்பதும் விளங்கும். ஒவ்வொரு நாட்டிற்கும் தன் காரியங்களைத் தானே கூடியிருந்து முடிக்கும் நாட்டார் என்னுங் குழுவினர் இருந்தனர். சமவெளியில் இப்பொருள் வழக்கு வீழ்ந்துவிட்டது. சவ்வாது மலைமீதோ இன்றும் அஃது உயிரோடிருக்கின்றது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என அம்மலையூர்த் தொகுதிகள் வழங்கும் பெயர்களே அதற்குச் சான்றாம்.

அத்தகைய நாடொன்றிற் பிறந்து இக்கல்லூரிக்குக் கற்கவந்த எமக்கு, பிரிந்த நாடு மீண்டுங் கூடுமாயின் ஆங்குள்ள கட்சிகளின் நிலை யாதாகும் என்னும் வினா ஏட்டளவிலான வினாவன்று. 1945-ஆம் ஆண்டு முதல் இரு கூறாய் நிற்குங் கொரியாவையே இவ்வினாவிற்கு யாவரும் எடுத்துக்காட்டுவர். ஆயின் அத்துணைத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. எம் மலையும் பிரிந்த நாடே. ஒருமுறை கூடியதும், கூடியபின் மீண்டும் பிரிந்ததும் ஆன நாடு அது. இதனை முதற்கண் விளக்கி, அப்பால் பிறநாடுகள் கூடிய வரலாறுகளை ஆராய்ந்து, அவை எம்மலைக்குக் கற்பிப்பன இவையென ஈண்டுக் கூறப்புகுகின்றோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய சவ்வாது மலையில் வாழ்வோருள் மிகப்பெரும்பாலார் மலையாளி என்னும் பழங்குடியினர். இவர் கேரளரல்லர். மலையிடத்தார் என்பதே அப்பெயரின் கருத்து. இவர்தம் தாய்மொழி தமிழே. காஞ்சிமாநகரினின்று மலையேறி வந்தோர் தம் முன்னோர் என்பது இவரிடை வழங்குஞ் செவிவழிச் செய்தி. குடியும், மொழியும், சாமை விதைக்கும் உழவும், தெய்வ வழிபாடும் மலையெங்கணும் ஒன்றேயாயினும் ஆட்சியெல்லை ஒன்றாயிருந்ததில்லை. 1911-க்கு முன்னர், புதூர்நாடு அடங்கிய திருப்பத்தூர்த் தாலூகா சேலம் ஜில்லாவைச் சார்ந்தது. சமுனாமரத்தூர் அடங்கிய போளூர்த் தாலூகா வட ஆற்காட்டைச் சார்ந்தது. 1911-இல் திருப்பத்தூர்த் தாலூகா வட ஆற்காட்டோடு சேர்க்கப்படவே, மலையின் பெரும் பகுதிகள் ஒரு ஜில்லாவின்கீழ் வந்தன. எழுபத்தெட்டு ஆண்டுகள் அந்நிலை நீடித்தது. 1989 செப்டம்பரில் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தபொழுது, சமுனாமரத்தூர் திருவண்ணாமலை ஜில்லாவிற்குச் சென்றது. புதூர்நாடு வேலூரோடு நின்றது. 2019-இல் வேலூர் ஜில்லாவும் மூன்றாயிற்று. புதூர்நாடு புதிய திருப்பத்தூர் ஜில்லாவிற்கு உரியதாயிற்று. பீஞ்சமந்தை முதலிய ஊர்கள் வேலூரிலேயே எஞ்சின. இன்று ஒரு மலைக்கு ஜில்லாக்கள் மூன்று; கலெக்டர்கள் மூவர்.

இனி, கூடுதலால் கட்சிகள் மாறுவதேன் என்பதற்குரிய அடிப்படையைக் காண்போம். கட்சி என்பது கொள்கையாற் பிறப்பதெனினும், தொகையால் வாழ்வது. பெரும்பான்மை என்பதோ ஒரு கூட்டத்தார்க்கு இயல்பாய் அமைந்த குணமன்று. எண்ணுதற்கு இட்ட எல்லையைப் பொறுத்து உண்டாவதும் இல்லையாவதும் அதன் இயல்பு. ஓர் உதாரணம் கூறுவோம். வடபாகத்தில் 100 வாக்காளர், தென்பாகத்தில் 300 வாக்காளர் உள்ளனர் என்று கொள்க. ஒரு கட்சிக்கு வடபாகத்தில் 60 வாக்கும் தென்பாகத்தில் 30 வாக்கும் உண்டு. பிரிந்துள்ளவரை அக்கட்சி வடபாகத்தை ஆளும். எல்லைக்கோட்டை அழித்தவுடன் அதன் பங்கு 400-இல் 90. அஃதாவது நாலில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஒருவரும் மனம் மாறவில்லை. ஒரு வாக்கும் இடம் பெயரவில்லை. ஆயினும் ஆளுங்கட்சி சிறுகட்சியாயிற்று. ஆதலின், கூடுவோம் என்பார் நெஞ்சில் எத்துணை அன்பு நிறைந்திருப்பினும், கட்சித் தலைவர் உள்ளத்தில் முதலெழுவது கணக்கேயாம். அவரை இதன்பொருட்டு இகழவேண்டுவதில்லை. அக்கணக்கை மறைத்துப் பேசுவதே இகழத்தக்கது.

இக்கணக்கின் விளைவைத் தமிழர் பலர் தம் வாழ்விலேயே கண்ட இடம் மலாய்நாடு. சிங்கப்பூரும், பினாங்கும், மலாக்காவும் நெடுங்காலம் ஓராட்சியின்கீழ் இருந்தவை. 1946-இல் மலாயா யூனியன் அமைந்தபோது சிங்கப்பூர் மட்டும் தனியே பிரித்து வைக்கப்பட்டது. பதினேழாண்டு கழிந்தபின், 1963 செப்டம்பர் 16-ஆம் நாள், மலேஷியா என்னும் பெயரால் சிங்கப்பூர் மீண்டும் மலாயாவோடு கூடிற்று. சபாவும் சரவாக்கும் உடன் சேர்ந்தன. இங்ஙனங் கூடுதற்கு இட்ட நிபந்தனைகளில் கட்சிக்கணக்கு நன்கு புலனாகின்றது. 159 இடங்களையுடைய பார்லிமெண்டில் சிங்கப்பூருக்கு 15 இடங்களே ஒதுக்கப்பட்டன. மக்கட்டொகையில் அதனினுங் குறைந்த சரவாக்கிற்கு 24; சபாவிற்கு 16. சிங்கப்பூர் கல்வியையும் தொழிலாளர் காரியங்களையும் தானே நடத்திக்கொள்ளும் உரிமையைப் பெற்றது. அவ்வுரிமைக்கு விலையாகத் தன் இடங்களிற் சிலவற்றை இழந்தது.

பிரிந்திருந்த காலத்தில் இருபாகத்துக் கட்சிகளும் வெவ்வேறு வழியில் வளர்ந்திருந்தன. மலாயாவில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்னும் முச்சாராரும் தத்தமக்கெனக் கட்சி அமைத்து, அம்மூன்று கட்சிகளும் கூட்டணியாய் நின்று ஆண்டன. தோட்டத் தமிழர் பெரும்பாலாராயிருந்த மலாயா இந்தியக் காங்கிரஸ் அக்கூட்டணியில் ஓர் உறுப்பு; சம்பந்தன் அதன் தலைவர். சிங்கப்பூரிலோ, இனம்பற்றிப் பிரியாத மக்கள் செயல் கட்சி 1959 முதல் ஆண்டது. அதன் முதல்வர்களில் ஒருவரான ராஜரத்தினம் யாழ்ப்பாணத்திற் பிறந்த தமிழர். இவ்விருவகைக் கட்சிமுறையும் ஒரே வீட்டில் அடங்குமாவென்று முன்னதாக எண்ணிப் பார்த்தார் சிலரே.

கூடி ஐந்து நாட்களே ஆயின. செப்டம்பர் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் நடந்த தேர்தலில் கோலாலம்பூர்க் கூட்டணியைச் சார்ந்த கட்சி நின்று, ஓரிடமும் பெறாது தோற்றது. மலாய் மக்கள் மிகுந்த தொகுதிகளும் மக்கள் செயல் கட்சியின் வசமாயின. கோலாலம்பூரார் இதனைத் தம் வீட்டுப் பிள்ளையைப் பிறர் கவர்ந்ததாகக் கருதினர். மறுவருடம் ஏப்ரல் 25-ஆம் நாள் தீபகற்பத்தில் நடந்த தேர்தலில் மக்கள் செயல் கட்சி ஒன்பது தொகுதிகளிற் போட்டியிட்டது. மலாய்க் கட்சியோடு பகையில்லை, சீனர் கட்சியின் இடத்தையே யாம் நாடுகின்றோம் என்று அது சொல்லிப் பார்த்தது. அதற்குக் கிடைத்தது ஒரே இடம். பங்ஸார் தொகுதியில் தேவன் நாயர் வென்றார். கூட்டணியோ 104-இல் 89 இடங்களைப் பெற்றது. ஓரிடம் அற்பமன்றோ எனின், அன்று. ஒரு பாகத்தின் கட்சி மறுபாகத்தின் கதவைத் தட்டிவிட்டது என்பதே பெருஞ் செய்தியாயிற்று. ஜூலையில் சிங்கப்பூரில் இனக்கலகம் மூண்டு உயிர்கள் மாண்டன. 1965 மே மாதத்தில் 'மலேஷியர் மலேஷியா' என்னும் முழக்கத்தோடு எதிர்க்கட்சிகள் பல ஒன்று சேர்ந்தன. ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் வெளியேற்றப்பட்டது. இருபத்து மூன்று மாதங்களுக்குள் கூடியதும் பிரிந்ததும் முடிந்தன.

கூடுதல் முறிந்த பின்னரும் அதன் சுவடு அழியவில்லை. தீபகற்பத்தில் நின்றுபோன மக்கள் செயல் கட்சிக் கிளையே 1966-இல் ஜனநாயகச் செயல் கட்சியெனப் பெயர் பூண்டு, இன்றளவும் மலேஷிய அரசியலிற் பெருங்கட்சியாய் நிலவுகின்றது. நாடு பிரியலாம், கூடிய காலத்தில் முளைத்த கட்சி எளிதிற் பட்டுவிடுவதில்லை.

மலாய்நாட்டிற் கூடுதல் முறிந்தது. ஜெர்மனியிலோ அது நிலைத்தது. 1989 நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் சுவர் திறக்கப்பட்டது. 1990 அக்டோபர் 3-ஆம் நாள் கீழ்ஜெர்மனி மேல்ஜெர்மனியோடு இணைந்தது. இடையிலே மார்ச்சு 18-இல் கீழ்ஜெர்மனியில் நடந்த தேர்தலில் கவனித்தற்குரிய இரண்டு செய்திகள் உள. சுவர் இடியுமுன் அஞ்சாது வீதியில் நின்று உரிமை கேட்ட குழுவினர் 'கூட்டணி 90' என்னும் பெயரால் நின்று, நூற்றுக்கு மூன்று வாக்கும் பெற்றிலர். பழைய பொதுவுடைமை ஆட்சிக்கு நாற்பதாண்டு துணைநின்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோ, மேல்ஜெர்மனியில் அதே பெயருடைய ஆளுங்கட்சியின் கைப்பற்றி, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட வாக்குக்களோடு முதலிடம் பெற்றது. கூடுங்காலத்தில் மக்கள் நோக்குவது அபேட்சகரின் பழைய வரலாற்றை மட்டுமன்று. மறுபாகத்தில் அவருக்குள்ள உறவையுமாம். பெரிய பாகத்தின் கட்சிகள் சிறிய பாகத்திற் கிளைகள் நாட்டி விரைவிற் பரவும். சிறிய பாகத்தில் தாமே எழுந்த கட்சிகள் அவற்றுட் கரையும், அன்றி ஒதுங்கும்.

இதனை உணர்ந்தே ஜெர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1990 செப்டம்பரில் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. அந்நாட்டுச் சட்டப்படி நூற்றுக்கு ஐந்து வாக்குப் பெறாத கட்சிக்குப் பார்லிமெண்டில் பொதுவாக இடமில்லை. இருபாகமும் சேர்த்து இவ்வளவை எண்ணினால் கீழ்ப்பாகத்துக் கட்சிகள் முளையிலேயே கருகும். ஆகலின், முதற்றேர்தலுக்கு மட்டும் இருபாகத்தையும் தனித்தனியே எண்ணுக, ஒரு பாகத்தில் ஐந்து பெற்றாலும் போதும் என்று நீதிபதிகள் விதித்தனர். டிசம்பர் 2-ஆம் நாள் தேர்தல் நடந்தது. பழைய பொதுவுடைமைக் கட்சியின் வழிவந்த ஜனநாயக சோஷலிஸக் கட்சி, நாடு முழுவதும் எண்ணினால் நூற்றுக்கு இரண்டரை வாக்கும் பெற்றதன்று. கீழ்ப்பாகத்தில் மட்டும் எண்ண, பதினொன்று. அதனால் 17 இடங்கள் அதற்குக் கிடைத்தன. கூட்டணி 90 என்னுங் குழுவினரும் கீழ்ப்பாகத்துப் பசுமைக் கட்சியினரும் சேர்ந்து நின்று 8 இடங்கள் பெற்றனர். மேல்ஜெர்மனியிற் பேர்போன பசுமைக் கட்சியோ, தன் பாகத்தில் ஐந்தை எட்டாமல் ஓரிடமுமின்றித் திரும்பியது.

அவ்விதி ஒரு தேர்தலுக்கே உரியது. ஆயினும் சுவர் இடிந்து முப்பத்தைந்து ஆண்டு சென்றபின், 2025 பிப்ரவரியில் நடந்த தேர்தலின் படத்தைக் காண்பார்க்குப் பழைய எல்லைக்கோடு மீண்டுந் தோன்றும். 2013-இல் தோன்றிய 'ஜெர்மனிக்கான மாற்று' என்னும் கட்சி கீழ்ப்பாகத்து ஐந்து மாகாணங்களிலும் முதலிடம் பெற்றது. மேல்ப்பாகத்து மாகாணம் ஒன்றிலும் அஃது முதலிடம் பெற்றிலது. கல்லாலான சுவரை ஒரிரவில் இடிக்கலாம். வாக்குப் பெட்டிக்குள் நிற்குஞ் சுவர் ஒரு தலைமுறையிலும் இடிவதில்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டு ஈழத்தது. 1987 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, வடமாகாணமும் கீழ்மாகாணமும் அடுத்த ஆண்டில் ஒன்றாக இணைக்கப்பட்டன. 1988 நவம்பரில் அவ்விணைந்த மாகாணத்திற்குத் தேர்தலும் நடந்தது. இவ்விணைப்புச் செல்லாதென 2006 அக்டோபரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2007 தொடங்கி அவை தனித்தனியாயின. பின்னர் நடந்த தேர்தல்களை ஒப்பிட்டு நோக்குக. 2013-இல் வடமாகாணச் சபையின் 38 இடங்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் 30 பெற்றுத் தாமே ஆண்டனர். 2012-இல் கீழ்மாகாணச் சபையின் 37 இடங்களில் அவர்க்குக் கிடைத்தவை 11. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் முச்சாராருள் எவரும் பாதிக்கு மிகாது வாழும் கீழ்மாகாணத்தில், பிறரோடு சேராது ஒரு கட்சியும் ஆளவியலாது. இணைந்த மாகாணத்திலோ தமிழர் தனிப்பெரும்பான்மையினர். இணைப்பை ஒரு சாரார் உயிரென்றும், மற்றொரு சாரார் அச்சமென்றும் கருதுவதற்கு இவ்வெண்களே காரணம். ஒருவர்க்குக் கூடுதலாவது மற்றொருவர்க்குக் குறைதலாகின்றது.

இம்மூன்று வரலாறுகளையும் ஒருங்குவைத்து நோக்கின் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, எல்லை மாறினாற் பெரும்பான்மை மாறும். இரண்டாவது, பெரிய பாகத்தின் கட்சிகள் சிறிய பாகத்தை எளிதில் விழுங்கும். சிறிய பாகத்தார்க்குரிய காப்பைக் கூடுதற்கு முன்னரே எழுதி வைத்தாலன்றிப் பின்னர்ப் பெறுதல் அரிது. மூன்றாவது, ஆட்சியெல்லை நீங்கினும் பிரிந்திருந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கங்கள் வாக்கில் நெடுநாள் நிற்கும்.

இவ்வுண்மைகளை இனி எம் மலைக்குப் பொருத்திப் பார்ப்போம். பேரரசுகளின் கதையைச் சிறுமலைக்கு ஒப்பிடலாகுமோ எனின், ஆகும். தொகை சிறிதாயினும் கணக்கின் முறை ஒன்றே.

சட்டசபைத் தேர்தலில் புதூர்நாடு திருப்பத்தூர்த் தொகுதியில் எண்ணப்படுகின்றது, சமுனாமரத்தூர் கலசபாக்கத்தில், பீஞ்சமந்தை அணைக்கட்டில். இம்மூன்றிலும் சமவெளி வாக்காளரே மிகப்பலர். மலைவாக்கு ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒட்டிய ஒரு துண்டு. ஆகவே எந்தக் கட்சியும் மலைக்குப் பகையன்று. எந்தக் கட்சிக்கும் மலை உயிருமன்று. தேர்தற்காலத்தில் மலையேறி வருவோர் சாலையும், மருத்துவமும், நிலப்பட்டாவும் தருவோமென்று சொல்லிச் செல்வர். அவற்றைத் தாராது போயினும், மலைவாக்கை மட்டும் இழந்து தோற்பார் அரியர். பார்லிமெண்டுத் தேர்தலில் திருப்பத்தூரும் கலசபாக்கமும் திருவண்ணாமலை என்னும் ஒரே தொகுதியிற் சேர்ந்தவை. ஆதலின் மலையின் இரு பெரும்பாகங்கள் ஆங்கு முன்னரே கூடியுள்ளன. ஆயின் அத்தொகுதியில் 14 லட்சத்திற்கு மேற்பட்ட வாக்காளர் உளர். அப்பெருவெள்ளத்தில் இருதுளி சேர்ந்தாலென், பிரிந்தாலென்? கூடுதல் மட்டும் போதாது, எத்துணைப் பெரிய எல்லைக்குள் கூடுகின்றோம் என்பதும் நோக்கற்பாலது என்பதற்கு இது சான்று.

பஞ்சாயத்துக்களின் நிலை இதனினும் விந்தையானது. சமுனாமரத்தூரைத் தலைமையிடமாகவுடைய சவ்வாது மலை யூனியனில் பதினொரு கிராமப் பஞ்சாயத்துக்கள் உள்ளன, அனைத்தும் மலைமேலன. யூனியன் கவுன்சிலர் தேர்தலோ கட்சிச் சின்னத்தோடு நடப்பது. அக்கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தெரிந்தெடுப்பர். ஆங்கு எக்கட்சி நிற்பினும், அபேட்சகரை மலைமக்களுள் தேடாமல் வெல்லவியலாது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் மூன்றுமோ திருப்பத்தூர் யூனியனில் சமவெளிப் பஞ்சாயத்துக்கள் பலவற்றோடு சேர்ந்தவை. ஆங்கு மலைநாட்டுக் கவுன்சிலர் எக்கட்சியினராயினும், சபையில் ஒரு மூலையில் அமர்பவரே. ஒரே குடியில், ஒரே மலையில், ஒருபாகத்தார் அபேட்சகரைத் தருவோர். மறுபாகத்தார் வாக்கு மட்டுந் தருவோர்.

தேர்தல் நாளும் ஒன்றாயில்லை. திருவண்ணாமலை ஜில்லாவில் 2019 டிசம்பர் 27, 30-ஆம் நாட்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அப்போது புதிதாய்ப் பிரிக்கப்பட்டிருந்த திருப்பத்தூர், வேலூர் ஜில்லாக்களில் அது தள்ளிவைக்கப்பட்டு, 2021 அக்டோபர் 6, 9-ஆம் நாட்களில் நடந்தது. இடையில் மாகாண அரசே ஒரு கட்சியினின்று மற்றொரு கட்சிக்கு மாறிவிட்டது. 2025 ஜனவரியில் சமுனாமரத்தூர்ப் பக்கத்து மன்றங்களின் காலம் முடிந்து அதிகாரிகளின் பொறுப்பு வந்தபோது, புதூர்நாட்டு மன்றங்கட்கு இன்னும் ஒன்றே முக்கால் ஆண்டு எஞ்சியிருந்தது. ஓடையின் இக்கரையில் மன்றம் உண்டு, அக்கரையில் இல்லை என்னும் நிலையில், இரு கரைக்கும் பொதுவான காட்டுவழியைப்பற்றி யார் யாரோடு பேசுவது?

மலை முழுவதும் ஒரே யூனியனாயின் என் செய்யும்? முதற்கண் கட்சிகளின் தெரிவு மாறும். புதூர்நாட்டிலும் பீஞ்சமந்தையிலும் வாக்கிற்காக மட்டும் வருவோர் ஆள்தேடியும் வருவர். மலைப்பிள்ளைகள் கட்சிகளுக்குள் ஏறுவர். சட்டத்தால் பாதியிடம் மகளிர்க்கு உரியதாகலின், மலைமகளிரும் ஏறுவர். அடுத்து, போட்டியின் இயல்பு மாறும். இன்று மலைக்கும் சமவெளிக்கும் இடையே உள்ள இழுபறி, அன்று நாட்டிற்கும் நாட்டிற்கும் இடையதாகும். தலைவர் புதூர்நாட்டாரா, சமுனாமரத்தூராரா என்பது கட்சிச் சின்னத்தினும் பெரிதாகப் பேசப்படும். ஒரு கட்சிக்குள்ளேயே கீழ்ச்சரிவு, மேற்சரிவு எனக் குழுக்கள் தோன்றும். ஜெர்மனியின் பழைய கோடு வாக்கில் நின்றதுபோல, ஜில்லாக்களின் பழைய கோடும் நிற்கும்.

இதனினும் ஆழ்ந்து எண்ணத்தக்கது வழிப்போக்கைப்பற்றியது. புதூர்நாட்டார் சந்தைக்கும், மருத்துவமனைக்கும், மேற்படிப்பிற்கும் மலையிறங்கிச் செல்வது திருப்பத்தூருக்கு. சமுனாமரத்தூர்ப் பக்கத்தார் போளூர் முதலிய ஊர்களை நாடுவர். வழியைச் செப்பஞ் செய்யாது அலுவலகத்தை மட்டும் சமுனாமரத்தூருக்கு மாற்றுவாராயின், சாதிச் சான்றிதழுக்காக ஒரு முதியவள் இன்றினும் இருமடங்கு அலைய நேரும். அப்போது கூடுதலை முதலிற் பழிப்பவர் எம் நாட்டாரே ஆவர். எண்ணிக்கையில் ஒன்றாதல் வேறு. அலுவலில் ஒன்றாதல் வேறு. சிங்கப்பூரார் கல்வியைத் தம்பால் வைத்துக்கொண்டு பிறவற்றிற் கூடியதுபோல, முன்னதைப் பெற்றுப் பின்னதை விலக்கவும் கூடும்.

சட்டசபைத் தொகுதி ஒன்றை மலைக்கெனவே கேட்போம் என்பாரும் உளர். அவர்க்குக் கணக்கைக் காட்டல் வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம், தொகுதிகள் 234. ஒரு தொகுதிக்குச் சராசரி மூன்று லட்சத்திற்கு மேல். சவ்வாது மலைமக்கள் அனைவரும் ஒருங்குகூடினும் அதிற் பாதிக்கும் எட்டார். ஆதலின் சமவெளியூர்களைச் சேர்த்தே தொகுதி வகுக்கவியலும். சேர்த்தால், மலைமக்கள் மீண்டும் சிறுபான்மையினரே. பழங்குடியினர்க்கென ஒதுக்கினால் அபேட்சகராவது எம்மவராவர் எனின், உண்மையே. ஏற்காடும் சேந்தமங்கலமும் அங்ஙனம் ஒதுக்கப்பட்டவை. உப்பிலியபுரமும் முன்னர் அத்தகையதாயிருந்து, 2008-ஆம் ஆண்டுத் தொகுதி வரையறையில் அந்நிலையை இழந்தது. ஆயின் ஏற்காட்டுத் தொகுதியிலும் சமவெளியூர்கள் பல உள. நிற்பவர் பழங்குடியினர், நிறுத்துவது கட்சி, வெல்விப்பது பெரும்பாலும் கீழூர் வாக்கு. மலைமுகம் சபையில் தோன்றும். மலைமனம் தோன்றுமென்று உறுதி கூறவியலாது. அம்முகமேனும் தோன்றுதல் பெரும்பயனே; எனினும் அதுவே முடிவான பயனென்று மயங்கலாகாது.

மலைக்கெனத் தனிக்கட்சி தோன்றுமோ என்பதும் ஒரு வினா. சிறு யூனியனில் தோன்றலாம், நிலைப்பது அரிது. சாலைக்கும் பட்டாவிற்கும் பணமும் ஆணையும் தருவது மாகாண அரசு. அவ்வரசை ஆளும் கட்சியோடு உறவில்லாதவர் மலையில் வென்றும் பயன் தரார். கூட்டணி 90 என்னும் நல்லோர் குழு 1993-இல் பெரிய பசுமைக் கட்சியோடு கலந்ததன் காரணமும் இத்தகையதே. ஆகவே கூடுதலால் பெருங்கட்சிகள் மலையைவிட்டு நீங்கா. அவற்றுள் மலையின் எடை மட்டும் கூடும். அவ்வெடை கூடுவதே எம்மனோர் வேண்டுவது.

இதுகாறும் கூறியவற்றால், நாடு கூடுதல் ஒரு நாளில் முடியும் விழாவன்று என்பது தெளிவாம். கூடுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். யாரோடு சேர்த்து எம்மை எண்ணுவீர்? சிறுபாகத்தார்க்கு எவ்வளவு இடம் முன்னரே உறுதி செய்வீர்? பழைய எல்லையில் பழகிய மக்களுக்கு வழியும் அலுவலும் எங்ஙனம் அமைப்பீர்? இவற்றிற்கு ஏற்ற விடையின்றி மலாயாவும் சிங்கப்பூரும் கூடின, இரண்டாண்டும் நிலைத்தில. இரண்டாவது வினாவிற்கேனும் விடை கண்டு ஜெர்மனி கூடிற்று; குறைகள் பலவுளவேனும் நிலைத்தது.

எம்மலைக்கு உடனே ஆகத்தக்கவை சில உள. மூன்று ஜில்லாக்களிலும் உள்ள மலைப் பஞ்சாயத்துக்களின் தேர்தலை ஒரே நாளில் நடத்துதல் ஒன்று. காட்டுவழி, குடிநீர், தேன், புளி, சாமை விற்பனை முதலிய பொதுக்காரியங்களைப்பற்றி அம்மன்றத் தலைவர்கள் ஆண்டுதோறும் ஓரிடத்திற் கூடிப் பேசுதல் மற்றொன்று. நாடுகளை இணைக்கும் சாலைகளைச் செப்பஞ் செய்தல் பிறிதொன்று. இவற்றிற்கு எல்லையை மாற்றவேண்டுவதில்லை. நாட்டார் கூடுதல் என்னும் பழைய வழக்கத்தைப் புதிய சட்டத்திற்கேற்பப் புதுப்பித்தாற் போதும். அங்ஙனம் கூடிப்பழகியவர் பின்னர் எல்லையாலும் ஒன்றாவாராயின், கட்சிகள் அவர்களைப் பங்கிட்டுக்கொள்ள வாரா, கலந்துபேச வரும்.